எடைக்குப் போடும் முன் எழுத்தைப் பாருங்கள்

ஊவா தோட்டங்களில் கிடக்கும் பழைய கியர் சைக்கிள்கள்

யாழ்ப்பாணத்தைச் சைக்கிள் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. மட்டக்களப்பும் அப்படித்தான். 90களில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த வடக்கில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கல்யாண வீடு எல்லாமே சைக்கிள் கரியரில்தான் நடந்தன. மலையகத்துக்கு அந்தக் கதை வாய்க்கவில்லை. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரம். பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல், அப்புத்தளை 1,400ஐயும் தாண்டும். நமுனுகுல மலையின் உச்சி 2,000 மீற்றருக்கும் மேல். லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வருவது ஓர் இறக்கம் என்றால், சாமான் பையோடு வீடு திரும்புவது அத்தனையும் ஏற்றம். ஒற்றைப் பல்சக்கரம் வைத்த கறுப்புச் சைக்கிளுக்கு இந்த நிலத்தில் வேலையே இல்லை. இறங்கும்போது பிரேக் பிடிக்காது, ஏறும்போது நாம்தான் அதைத் தள்ள வேண்டும். அதனால் தோட்டத்து ஆட்கள் நடந்தார்கள். பிறகு பஸ் வந்தது, அதற்குப் பிறகு த்ரீவீல்.

ஆனால் இப்படிப்பட்ட நிலத்துக்கென்றே ஒரு சைக்கிள் உலகத்தில் உருவானது. அது நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது. யாரும் அதைத் தேடி வரவழைக்கவில்லை. ஜப்பானிலிருந்து பழைய சாமான் வந்த கொள்கலன்களில் அதுவும் வந்தது. ‘ஜப்பான் சைக்கிள்’ என்ற பெயரில் விற்றார்கள், வாங்கினார்கள், சில வருஷம் ஓட்டினார்கள். கியர் இறுகிப் போனதும் தாவாரத்தில் சாத்திவைத்தார்கள். 2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவிப்பு வந்த நாட்களில் அவற்றில் கொஞ்சம் வெளியே வந்து காற்று வாங்கின. ஜூலையில் கியூஆர் அட்டை வந்து வரிசை குறைந்ததும் பழையபடி விறகுக் கட்டுக்குப் பின்னால் போய்விட்டன.

இப்போது பழைய இரும்புக்காரர் லொறி மாதத்துக்கு ஒரு தடவையாவது தோட்டத்துக்கு வருகிறது. சைக்கிளைத் தராசில் தூக்கி வைத்துக் கிலோ கணக்கில் காசு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அப்படிப் போகும் சைக்கிள்களில் பாதிக்கு மேல் போகட்டும், நட்டமில்லை. மீதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பழைய இரும்பில் பிறந்த சாதி

மவுண்டன் பைக் என்ற சாதியே குப்பையிலிருந்துதான் வந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் டமல்பைஸ் என்று ஒரு மலை. 70களில் அங்கிருந்த சில இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் செய்யப்பட்டு யாரும் சீண்டாமல் கிடந்த தடித்த டயர் ஷ்வின் சைக்கிள்களைச் சில டொலருக்கு வாங்கி, தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய மண்பாதையில் தலைதெறிக்க இறக்கினார்கள். 1976 ஒக்டோபர் 21ஆம் திகதி அதைப் பந்தயமாகவே வைத்தார்கள். பந்தயத்தின் பெயர் ‘ரீபேக்’. ஒரு முறை இறங்கினாலே பின்சக்கரத்துப் பெடல் பிரேக்கின் கிரீஸ் வெந்து புகையாகிவிடும். அடுத்த இறக்கத்துக்கு முன் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைத்தாக வேண்டும். ‘மறுபடி அடைப்பது’ என்ற அந்தப் பெயர் வந்தது அதனால்தான்.

1977இல் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ், பழைய பிரேமை ஒட்டி உருட்டுவதை விட்டுவிட்டுப் புதிதாகவே ஒன்றைக் கட்டினார். அது இன்று வொஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெலியும் டொம் ரிச்சி செய்துகொடுத்த பிரேம்களை வைத்துக் கம்பனி தொடங்கினார்கள். 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பனியின் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ வந்தது. ஆயிரக்கணக்கில் விற்கவென்று செய்யப்பட்ட முதல் மவுண்டன் பைக்குகளில் ஒன்று அது. அமெரிக்கப் பெயர்தான், ஆனால் செய்தது ஜப்பானில். அடுத்த வருஷமே ஜப்பானியப் பாகக் கம்பனியான ஷிமானோ, மலைச் சவாரிக்கென்று ‘டியோர் எக்ஸ்டி’ என்ற பாகத் தொகுதியை இறக்கியது.

அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் இந்தத் தொழிலின் கை ஜப்பானில்தான் இருந்தது. மியாட்டா, பிரிட்ஜ்ஸ்டோன், பனசொனிக் மாதிரியான கம்பனிகள். பாகத்துக்கு ஷிமானோவும் சன்டூரும், பிரேம் குழாய்க்குத் தாங்கேயும் இஷிவாட்டாவும், ரிம்முக்கு அராயா. மியாட்டா துப்பாக்கி செய்துகொண்டிருந்த குடும்பம். 1890இல் துப்பாக்கிப் பட்டறையிலேயே முதல் சைக்கிளைச் செய்தார்கள். குழாய் இழுப்பதில் அவர்களுக்கிருந்த கைத்திறன் அங்கிருந்து வந்தது. 1985க்குப் பிறகு யென்னின் மதிப்பு ஏற ஏற, ஜப்பானில் செய்து ஏற்றுமதி செய்வது கட்டுபடியாகாமல் போனது. தொழில் தாய்வானுக்கு நகர்ந்தது. 1994இல் பிரிட்ஜ்ஸ்டோன் தன் அமெரிக்கச் சைக்கிள் வியாபாரத்தையே மூடிவிட்டது. ஆகவே 80களின் நடுவிலிருந்து 90களின் நடுவரை ஜப்பானில் செய்த ஸ்டீல் பிரேம் ஒன்று உங்கள் தாவாரத்தில் கிடந்தால், அந்தத் தொழில் உச்சத்திலிருந்த காலத்துச் சரக்கு அது.

நம் நாட்டுச் சைக்கிளையும் சொல்லாமல் விடக்கூடாது. பாணந்துறையில் செய்யப்படும் லுமாலா, டீஎஸ்ஐ குழுமத்தின் டொமஹோக் இரண்டும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமான பெயர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ‘வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப்’ என்ற அமைப்பு இலங்கையில் 24,000க்கு மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தது. அந்த அமைப்பை 2005இல் தொடங்கியவர்களில் ஒருவரான எஃப். கே. டே, மவுண்டன் பைக் பாகங்கள் செய்து பேரெடுத்த ஸ்ராம் கம்பனியின் நிறுவனர்களில் ஒருவர். இங்கே பெற்ற அனுபவத்தைக் கொண்டுதான் அவர்கள் பிறகு ஆபிரிக்காவுக்குப் போனார்கள். இலங்கையில் செய்த சைக்கிள்கள் ஐரோப்பாவுக்கும் போயின. எவ்வளவு போயின என்றால், சீனச் சைக்கிளுக்குப் போட்டிருந்த 48.5 வீத வரியை 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் சில கம்பனிகளுக்கு விலக்களித்து இலங்கையிலிருந்து வருபவற்றுக்கும் நீட்டியது, சீனச் சரக்கு இந்த வழியாகச் சுற்றி வருகிறது என்ற குற்றச்சாட்டில். இவையெல்லாம் பாவிக்க நல்ல சைக்கிள்கள். ஆனால் பழையதாகித் துருப்பிடித்த பிறகு செலவழித்து மீட்க வேண்டியவை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காசுக்குப் புதிது வாங்கலாம்.

கியூ, ஜே

ஹாலிஎலவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். லயத்தின் பின்தாவாரத்தில், யூரியா உரப்பையால் மூடிக் கிடந்தது ஒரு சைக்கிள். மகன் கொழும்பில் கடை வேலை. அம்மாதான் காவல். “இரும்புக்காரவங்க ரெண்டு தரம் கேட்டுட்டாங்க தம்பி. மகன் தீவாளிக்கு வருவான், அவன் வந்து பேசிக்கட்டும்னு விட்டுட்டேன்” என்றார்.

பெயின்ட் கருநீலம், அதன் மேல் யாரோ தூரிகையால் சிவப்பு அடித்திருந்தார்கள். கம்பனி பெயர் எங்கேயும் இல்லை. சைக்கிளை அடையாளம் காண்பதில் பெயர்தான் முதலில் அழியும், முதலில் பொய் சொல்வதும் அதுதான். ஸ்டிக்கரை எவரும் ஒட்டலாம். பிரேமில் பெரிய எழுத்தில் ‘ஷிமானோ’ என்று இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். ஷிமானோ பாகம் செய்யும் கம்பனி, முழுச் சைக்கிள் விற்பதில்லை.

ஆகவே பெயரை விட்டுவிட்டுப் பாகத்துக்குப் போனோம். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் வலது கிராங்கின் உட்பக்கத்தைத் துடைத்தபோது, கறுத்த கிரீசுக்குக் கீழே இரண்டு ஆங்கில எழுத்து தெரிந்தது: கியூ, ஜே. ஷிமானோ தன் பாகங்களில் செய்த தேதியை இப்படித்தான் பொறித்து வந்தது. முதல் எழுத்து வருஷம்: ‘ஏ’ என்றால் 1976, ‘பி’ என்றால் 1977, அப்படியே ‘இசட்’ வரை வந்தால் 2001, 2002இல் மறுபடி ‘ஏ’. இரண்டாவது எழுத்து மாதம், ‘ஏ’ ஜனவரி முதல் ‘எல்’ டிசம்பர் வரை. கியூ ஜே என்றால் 1992 ஒக்டோபர். பின் கியரின் உட்பக்கத்தில் கியூ எச், அதாவது அதே வருஷம் ஓகஸ்ட். பிரேக் கையில் கியூ ஜி, ஜூலை. மூன்றும் நாலு மாதத்துக்குள் அடங்குகின்றன. ஒரு பாகத்தின் எழுத்தை வைத்துச் சைக்கிளின் வயதைச் சொல்ல முடியாது, யாராவது மாற்றிப் போட்டிருக்கலாம். மூன்று பாகம் ஒத்துப்போனால் தொழிற்சாலையிலிருந்து இறங்கிய கோலத்திலேயே இருக்கிறது என்று நம்பலாம். 1993 மொடல் என்று முடிவு கட்டினோம்.

எழுத்து அழிந்திருந்தால் அமைப்பே காலத்தைச் சொல்லும். ஹேண்டிலுக்கு மேல் நிற்கும் ஒற்றை லீவரை நகர்த்தினால் ‘டிக்’ சத்தம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறதா? பெரும்பாலும் 1987க்கு முந்தையது. பின் பிரேக் சீட்டுக்குக் கீழே இல்லாமல் பெடல் அச்சுக்குப் பின்னால் அடியில் ஒளிந்திருக்கிறதா? 86 முதல் 89 வரையான ஒரு பைத்தியக்கார மோஸ்தர் அது. சேற்றை அள்ளி வைத்துக்கொள்ளும். நம் ஊர் மழைக்கு ஆகவே ஆகாது. கட்டை விரலால் அழுத்தும் இரட்டை லீவர் ஹேண்டிலுக்குக் கீழே இருந்தால் 1990ஐ ஒட்டியோ பிறகோ வந்தது. இரண்டு நீண்ட கைகள் நேராக நின்று ரிம்மைக் கடிக்கும் ‘வி’ பிரேக், 1996இல் ஷிமானோ கொண்டுவந்தது. பின்னால் ஏழு பல்சக்கரம் என்றால் 80களின் கடைசியிலிருந்து 90களின் நடுப்பகுதி. மலிவு ரகங்களில் இவை வருஷக்கணக்காகப் பின்தங்கியே வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஜப்பானிலிருந்து வந்ததா என்று தெரிந்துகொள்ள சீட் குழாயைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு சைக்கிளையும் திருட்டுத் தடுப்புக்காகப் பதிவு செய்ய வேண்டும். 1994 முதல் அது சட்டக் கடமை. மாவட்டப் பொலிசின் பெயரும் இலக்கமும் போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். போன் கமராவை அதன் மேல் காட்டினால் மொழிபெயர்ப்புச் செயலி எந்த ஊர் என்று சொல்லிவிடும். நம் சைக்கிளில் பாதி கிழிந்த ஸ்டிக்கரில் ‘ஒசாக்கா’ என்று வந்தது. அம்மாவிடம் சொன்னேன். “அம்புட்டுத் தூரமா!” என்று சைக்கிளை ஒரு முறை தள்ளி நின்று பார்த்தார்.

அடுத்தது இரும்பின் தரம். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேமில் ஒட்டினால் ஸ்டீல், ஒட்டாவிட்டால் அலுமினியம். ஸ்டீலிலும் இரண்டு சாதி. குரோமோலி என்கிற கலப்பு உருக்கில் குழாயை மெல்லியதாக இழுக்கலாம், அந்த பிரேம் இரண்டு கிலோ சொச்சத்தில் முடியும். சாதாரண இரும்புக் குழாய் என்றால் மூன்று கிலோவைத் தொடும். ஸ்டிக்கர் இல்லாமல் இதை அறிய நல்ல வழி, சீட் பைப்பை உருவி அதன் அடியில் பொறித்திருக்கும் அளவைப் பார்ப்பது. 27.2 மில்லிமீற்றர் என்றால் குழாய்ச் சுவர் மெல்லியது, நல்ல பிரேம். 26.8, 26.6 நடுத்தரம். 25.4 என்றால் தடித்த குழாய், மலிவு ரகம். பின்சக்கர அச்சு வந்து உட்காரும் காதையும் தடவிப் பாருங்கள். தகட்டை வெட்டி நசுக்கி ஒட்டியிருந்தால் ஒரு விலை, அடித்து வார்த்த தடித்த துண்டாக இருந்தால் வேறு விலை. ஹாலிஎல சைக்கிளில் 26.8, காது தடித்தது. ராஜா வீட்டுப் பிள்ளை இல்லை, ஆனால் நல்ல குடும்பம்.

எடை விலை, ஓட்ட விலை, ஆசை விலை

இந்தச் சைக்கிள் எவ்வளவு பெறும்? இந்தக் கேள்விக்கு இணையத்தில் போய்ப் பதில் தேடினால் மனம் கெட்டுப்போகும். அமெரிக்காவில் பழைய ஸ்டம்ப்ஜம்பருக்கும் ரிச்சிக்கும் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையைப் பார்த்துவிட்டு, நம் தாவாரத்திலும் புதையல் இருக்கிறது என்று நம்பத் தொடங்குவோம். அது ஆசை விலை. அந்த உலகம் தேடுவது 1977இலிருந்து 80களின் தொடக்கம் வரையான அபூர்வங்களையும், அதன் பிறகு வந்தவற்றில் சில பேர்போன மொடல்களையும்தான். பெயரில்லாத நடுத்தர ஜப்பான் சைக்கிளுக்கு அங்கே ஆள் இல்லை. இருந்தாலும் பெட்டி கட்டி அனுப்பும் கூலியே விலையைத் தின்றுவிடும். உள்ளூரில் பழசைத் தேடி வாங்குபவர்களோ ராலே, ஹம்பர், ரட்ஜ் என்று தாத்தா காலத்து இங்கிலாந்துச் சைக்கிள்களைக் கேட்கிறார்கள்.

எனவே நமக்கு உரியது ஓட்ட விலை. இதைக் கணக்கிட நான் பாவிக்கும் முறை எளிது. முதலில் அதே மாதிரிப் புதுக் கியர் சைக்கிள் ஒன்று பதுளைக் கடையில் என்ன விலை என்று விசாரியுங்கள். இரண்டு டயர், இரண்டு டியூப், செயின், பிரேக் கட்டை, வயர்கள், குண்டுகள், பாஸுக்குக் கூலி என்று திருத்தச் செலவை வரிசையாக எழுதிக் கூட்டுங்கள். அதைப் புதுச் சைக்கிள் விலையிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதில் பாதியைத்தான் பழைய சைக்கிளுக்குக் கொடுக்கலாம். பிரேம் குரோமோலி, பாகங்கள் முழுசு என்றால் முக்கால் வரை போகலாம். எதுவும் மிஞ்சாவிட்டால் தராசுக்கே விடுங்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயமானது. 1,000 ரூபாவுக்கே 2021 வரை வருஷக்கணக்காகப் போராட வேண்டியிருந்தது. தோட்டச் சம்பளத்தில் வாழும் வீடு ஒன்று சைக்கிளுக்குக் காசு இறைக்கும் முன் தாளில் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

எதைக் கண்டால் விலகி வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹேண்டில் குழாய்க்குச் சற்றுப் பின்னால், மேல்குழாயின், கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். சுருக்கம் விழுந்தது போல் நெளிவு தட்டுப்பட்டால், எங்கேயோ நேருக்கு நேர் மோதிய சைக்கிள் அது. பிரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்கப் பட்டம் விடும் நூல் போதும். பின் காதில் ஒரு முனையைக் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றிக்கொண்டு வந்து மறு காதில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் யோசியுங்கள்.

முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்து, மோட்டார் சைக்கிள் தோரணையில் வந்த மலிவுச் சைக்கிள்களை வாங்கவே வாங்காதீர்கள். பிள்ளைகள் கேட்பார்கள், கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். இரும்புப் பாரம், ஏற்றத்தில் மிதிக்கிற மிதியில் பாதியை அந்த ஸ்பிரிங்கே குடித்துவிடும், தேய்ந்த மூட்டுக்கு மாற்றுப் பாகம் கிடையாது. 90களில் வந்த நல்ல கம்பனி ஸ்பிரிங் போர்க்குகளிலும் உள்ளே இருக்கும் ரப்பர் இப்போது பிசினாகக் கரைந்திருக்கும். ஸ்பிரிங் இல்லாத வெறும் போர்க் இருக்கும் சைக்கிள்தான் நமக்கு நல்லது.

இன்னொன்று: சைக்கிளைக் கவிழ்த்துப் பெடல் அச்சுக் குழலின் அடியில் இருக்கும் பிரேம் இலக்கத்தைப் பாருங்கள். அது அரத்தால் ராவப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கை வைக்காதீர்கள். வாங்கும்போது இலக்கத்தை எழுதி, விற்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கழற்றுவதில்தான் கெடுக்கிறார்கள்

பழைய சைக்கிள் துருவால் கெட்டதைவிடச் சுத்தியலால் கெட்டது அதிகம். நம் சைக்கிள் பாஸ்மார் கெட்டிக்காரர்கள், ஆனால் அவர்கள் கை பழகியது கொட்டர் பின் அடித்த கிராங்குக்கு. ஜப்பான் சைக்கிளின் கிராங் சதுர அச்சில் இறுகி நிற்பது. அதை இழுத்தெடுக்க மரை கொண்ட ஒரு சின்னக் கருவி வேண்டும். அது இல்லாமல் பின்னாலிருந்து அடித்தால் கிராங்கும் வளையும், அச்சுக் குண்டுகளும் போகும். பெடல் அச்சின் வலது பக்கக் கப் இடது மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இடது பெடலும் அதே மாதிரி. இது தெரியாமல் நீளக் குழாயைச் செருகி எதிர்த்திசையில் தொங்கி, மரையையே உரித்து வைத்த பிரேம்களை எத்தனையோ பார்த்தாயிற்று.

இறுகிய நட்டுக்கு அவசரம் ஆகாது. ராத்திரி எண்ணெய் விட்டு, காலையில் தட்டி, மறுபடி எண்ணெய் விடுங்கள். சீட் பைப் பிரேமோடு ஒட்டிப்போயிருப்பதுதான் பெரிய தலைவலி. ஸ்டீல் குழாய்க்குள் அலுமினியம் பைப் வருஷக்கணக்கில் ஈரத்தோடு கிடந்தால் இரண்டும் பிடித்துக்கொள்ளும். ஊவாவின் மூடுபனிக்கு இது சாதாரணம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அடியிலிருந்து எண்ணெய் விட்டு, நாலைந்து நாள் விட்டுவிடுங்கள். பிறகு சீட்டைப் பிடித்து முறுக்குங்கள், இழுக்காதீர்கள்.

ஹாலிஎல சைக்கிளில் எல்லோரும் கைவிட்டது கியர் லீவரை. அழுத்தினால் வெறுமனே உள்ளே போய் வெளியே வந்தது, எதையும் பிடிக்கவில்லை. மகன் இதற்காகத்தான் சைக்கிளை ஓரம் கட்டியிருக்கிறார். இந்த ரக லீவர் உடைவது அபூர்வம். உள்ளே தொழிற்சாலையில் வைத்த கிரீஸ் முப்பது வருஷத்தில் மெழுகாக இறுகி, சின்னக் கொக்கி ஒன்றை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. திறக்க வேண்டியதில்லை, திறந்தால் பூட்டுவது கஷ்டம். வயரைக் கழற்றிவிட்டு, மூடியின் இடுக்கு வழியாக டபிள்யூடி-40 பீய்ச்சினோம். பழுப்பாகச் சாறு வடிந்தது. அழுத்தினோம், மறுபடி பீய்ச்சினோம். நாலாவதோ ஐந்தாவதோ தடவையில் ஒரு ‘டிக்’. பிறகு இன்னொன்று. கால் மணி நேரத்தில் ஏழும் வந்துவிட்டன. கடைசியில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டோம். டபிள்யூடி-40 கழுவத்தான், எண்ணெய்க்குப் பதில் அது ஆகாது.

சக்கரக் குண்டுகள் விலை குறைந்தவை. முன்சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்து, 3/16 அங்குலம். பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலம். முழுவதையும் மாற்றுங்கள், பழையதோடு புதியதைக் கலக்காதீர்கள். செயினுக்கு ஓர் அங்குல அடிமட்டம் போதும். பன்னிரண்டு சோடிக் கண்ணி சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பின் பல்சக்கரமும் சேர்ந்து போயிருக்கும். ஏழு பல்சக்கரத் தொகுதி இன்றும் புதிதாகச் செய்யப்படுகிறது, தேடினால் கிடைக்கும். கியருக்கு வயர் மாற்றும்போது பிரேக் வயரின் கவரைப் போட்டுவிடாதீர்கள். அது அழுத்தத்தில் சுருங்கும், கியர் ஒரு நாளும் சரியாக விழாது.

டயரில் நமக்கு அதிர்ஷ்டம். பெரிய கம்பனிகள் 26 அங்குலத்தைக் கைவிட்டு 29க்குப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. ஆனால் பதுளையிலோ பசறையிலோ எந்தச் சைக்கிள் கடையிலும் இன்னும் 26 x 1.95 தொங்குகிறது. 26 x 1 3/8 என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். இரண்டும் 26 என்றாலும் ரிம்மின் விட்டம் ஒன்றுக்கு 559, மற்றதற்கு 590 மில்லிமீற்றர், மாறி ஏறாது.

துருவுக்கு அம்மாவிடமே மருந்து இருந்தது. பிலிங் காயை நசுக்கி ஹேண்டிலில் தேய்த்தார், குரோம் பளிச்சென்று வந்தது. அந்தக் காயில் ஒட்சாலிக் அமிலம் நிறைய உண்டு. கடையில் தூளாக விற்கும் அதே சரக்கு. புளியும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். அலுமினியப் பாகங்களை மட்டும் புளிப்பில் ஊறப் போடாதீர்கள்.

பெயின்டைப் பற்றிக் கேட்காத ஆளில்லை. பெரும்பாலானோர் முதல் காரியமாகச் செய்வது டிங்கரிங் கடைக்குக் கொண்டுபோய்ப் புதுப் பெயின்ட் அடிப்பதைத்தான். அடித்த அன்றே சைக்கிளின் அடையாளம் போய்விடும். ஸ்டிக்கர், குழாய் முத்திரை, பதிவு இலக்கம், எல்லாம் அடியில் புதைந்துவிடும். விற்கப் போனால் வாங்குபவர் கேட்பதும் பழைய பெயின்டைத்தான். துருப்பிடித்த இடத்தை உரசி, பிரைமர் தொட்டு, மெழுகு போட்டு விடுங்கள். பிரேம் உடைந்திருந்தால் மெல்லிய குழாயை ஆர்க் வெல்டிங்கில் பற்றவைக்கக் கொடுக்காதீர்கள், ஓட்டை விழும். காஸில் பித்தளை வைத்து ஒட்டத் தெரிந்தவர் பழைய ஆட்களில் இன்னும் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே பிரேக். காந்தத்தை ரிம்மில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு ரிம். மழையில் நனைந்த இரும்பு ரிம்மைப் பிரேக் கட்டை பிடிக்காது, வழுக்கிக்கொண்டே போகும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை கொட்டும் பதுளைப் பக்கத்தில், அப்படிப்பட்ட சைக்கிளை இறக்கத்தில் விடுவது உயிரோடு விளையாடுவது. அலுமினிய ரிம் மாற்ற வழியில்லை என்றால் அந்தச் சைக்கிளை எடுக்கவே வேண்டாம். பழைய பிரேக்கைக் கழற்றிவிட்டு ‘வி’ பிரேக் போடுகிறவர்கள் கைப்பிடி லீவரையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய லீவர் இழுக்கும் வயர் நீளம் அதற்குப் பற்றாது. அப்புத்தளையிலிருந்து பெரகலை வழியாகக் கொஸ்லந்தை, வெல்லவாய என்று இறங்கினால் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறக்கம். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே போனால் ரிம் சூடேறி டியூபையே வெடிக்க வைக்கும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், இடையிடையே நிறுத்தித் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஹாலிஎல சைக்கிளில் ரிம் அலுமினியம். முன்னால் சின்னப் பல்சக்கரமும் பின்னால் பெரிய பல்சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு. பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. ஸ்டோர் பக்கத்துக் கொங்ரீட் ஏற்றத்தில் பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் உட்கார்ந்தபடியே மிதித்து ஏறினான், இறங்கித் தள்ளவில்லை. அந்தப் பாதையில் சைக்கிளில் ஏறியவனை இதுவரை பார்த்ததில்லை என்று கொழுந்து நிறுக்க வந்த அக்கா ஒருவர் சொன்னார். செலவான காசு, அதே ரகப் புதுச் சைக்கிளின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை.

காசு கொஞ்சமாகத்தான் இருக்கிறது, எதை முதலில் செய்வது என்று கேட்டு எழுதப் போகிறவர்களுக்கு இங்கேயே பதில்: பிரேக் கட்டையும் வயரும் முதலில், டயர் இரண்டாவது, குண்டும் கிரீசும் மூன்றாவது. பெயின்டுக்கு என்று எடுத்து வைத்திருக்கும் காசில் ஒரு ஹெல்மெட் வாங்குங்கள்.